நாலு மணி வரைக்கும்

யமுனா தினமும் மத்தியானம் ஒருத்தனின் பிழைப்பைக் கெடுப்பாள். நாலு மணிக்குள் அவளே அதைத் திருப்பியும் கொடுத்துவிடுவாள். கெடுத்ததும் அவனுக்குத் தெரியாது, கொடுத்ததும் தெரியாது. அவன் துபாயில் குளிரூட்டிய கிடங்கில் உட்கார்ந்து டின் எண்ணிக்கொண்டிருப்பான்.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியின் ஆபீஸில் யமுனா கம்ப்யூட்டர் ஆபரேட்டர். முதலாளி தணிகாசலத்துக்குப் பழம் பிழிவதில் இருந்த தைரியம் டெலிபோன் பில்லைப் பிரிப்பதில் இல்லை. அதனால் ஆபீஸில் டெலிபோன் வழியாகப் போடும் நெட் இணைப்பு காலை பத்து மணிக்கு ஒரு தடவை, சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். நடுவில் மோடம் பக்கம் யார் கை போனாலும் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். மெயில் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்த ஒரு புரோகிராமில்தான். காலையில் வந்ததை அது இறக்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். பதிலை யமுனா நெட் இல்லாமலே அடித்து 'சென்ட்' அழுத்துவாள். அழுத்தினதும் கடிதம் திரையைவிட்டுப் போகும், ஆனால் ஊரைவிட்டுப் போகாது. அவுட்பாக்ஸ் என்கிற பெட்டியில் நாலு மணி வரைக்கும் குந்திக்கொண்டிருக்கும்.

அந்த இடைவெளி தணிகாசலத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடிதத்தின் பிரின்ட் அவர் மேஜைக்கு வரும். சிவப்புப் பேனாவால் ஒரு வரியை அடிப்பார், கோபமாக எழுதச் சொன்னதை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மரியாதையாக மாற்றுவார். யமுனா அவுட்பாக்ஸிலிருந்து கடிதத்தை வெளியே எடுத்துத் திருத்தி மறுபடி உள்ளே தள்ளுவாள். நாலு மணிக்கு மோடம் கீச்சிட்டு அழுதுவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பும். அந்த ஆபீஸில் 'சென்ட்' என்றால் வரிசையில் நிறுத்துவது என்றுதான் அர்த்தம். யமுனாவுக்குத் தெரிந்த மெயில் அது ஒன்றுதான்.

இந்த வசதியைத்தான் அவள் தன் வஞ்சத்துக்குப் பயன்படுத்திக்கொண்டாள். மத்தியானம் தணிகாசலம் ஃபேக்டரிக்குப் போனதும், துபாய் பழரசக் கம்பெனி மேனேஜருக்கு ஒரு மெயில் அடிப்பாள். 'உங்களிடம் வேலை செய்யும் கிரண்குமார் கொடுத்த அனுபவச் சான்றிதழ் பொய். அவன் கூழ் ஃபேக்டரியின் வாசலைக்கூட மிதித்ததில்லை.' இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு வார்த்தை கூடக் காரமாகும். 'சென்ட்' அழுத்துவாள். அவன் பெட்டி படுக்கையோடு விமான நிலையத்தில் நிற்பதைக் கண்ணால் பார்ப்பாள். வயிறு குளிரும். நாலு மணிக்கு முன்னால் அவுட்பாக்ஸைத் திறந்து அதை அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மோடத்தைப் போடுவாள்.

அழிப்பதற்குக் காரணம் இரக்கம் இல்லை. அந்தப் பொய்ச் சான்றிதழை அடித்ததே அவள்தான்.

கிரண்குமார் அவளுக்கு அத்தை மகன். யமுனாவின் அப்பா சின்னப்பனுக்கு ஒரே அக்கா லட்சுமம்மா, லட்சுமம்மாவுக்கு ஒரே பையன் இவன். ஊர் குடிபாலா தாண்டித் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கிராமம், ஒரே தெருவில் இரண்டு வீடு. டிப்ளமா படித்துவிட்டு மூன்று வருஷம் பஸ் ஸ்டாண்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு, துபாயில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னவள் யமுனா. விண்ணப்பத்தை இங்கிலீஷில் எழுதினவள் யமுனா. அனுபவம் வேண்டும் என்று கேட்டதும், கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் 'மூன்று வருஷம் ஸ்டோர் சூப்பர்வைசர்' என்று அடித்து, சாயந்திரம் தணிகாசலம் படிக்காமல் கையெழுத்துப் போடும் தாள்கட்டின் நடுவில் செருகினவளும் அவள்தான். அவனுக்கும் அவளுக்கும் அதற்குள் நிச்சயம் ஆகியிருந்தது. கட்டிக்கப் போகிறவனுக்குச் செய்தது திருட்டு மாதிரியே தோன்றவில்லை.

ஒன்றரை வருஷம் அவன் சம்பாதித்தான். அப்புறம் திருப்பதியில் வாடகைக் கார் விடுகிறவரின் மகள் பத்மினி ஜாதகத்தோடு வந்தாள். வந்தது குற்றமில்லை, மனசு மாறிவிட்டது என்று சொல்லியிருந்தால் யமுனா நாலு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பாள். கிரண்குமார் அப்படிச் சொல்லவில்லை. யமுனா ஆபீஸில் எவனோடோ பழகுகிறாள், சாயந்திரம் பஸ்ஸில் அவனோடுதான் வருகிறாள், துபாய் வரைக்கும் விஷயம் வந்துவிட்டது என்று போனில் அம்மாவிடம் சொன்னான். லட்சுமம்மா அதைத் தெருக்குழாயடியில் சொன்னாள். குழாயடியில் சொன்னது குடிபாலா சந்தை வரைக்கும் போயிற்று. நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. அதற்கப்புறம் வந்து பார்த்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் சித்தூர் ஆபீஸைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். யமுனாவின் அம்மா கமலம்மா ராத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சின்னப்பன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் யமுனாவுக்கு எரிந்தது. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாமே.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தான் சொன்னது பொய் என்று அவன் அதே தெருவில் நின்று சொல்ல வேண்டும். அது நடக்கப்போவதில்லை என்று தெரிந்ததால்தான் மத்தியானத்து மெயில்.

கல்யாணம் திருப்பதியில் வைத்தார்கள். போகாமல் இருக்க முடியுமா என்றால், முடியாது. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் சின்னப்பன். தாய்மாமன் மாலை போட்டு நெற்றியில் பட்டம் கட்டாமல் மாப்பிள்ளை மணையில் உட்கார முடியாது. லட்சுமம்மா வெற்றிலைத் தட்டோடு வந்து, நடந்ததெல்லாம் நடந்தது, என் தம்பி கை படாமல் என் பையனுக்குக் கல்யாணமா என்று அழுதாள். சின்னப்பன் கரைந்துவிட்டார். ஆண்பிள்ளைகளுக்கு அக்கா அழுதால் மகள் அழுதது மறந்துவிடும் போலிருக்கிறது.

திருப்பதி மண்டபத்தில் யமுனா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வராமல் இருந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று வந்திருந்தாள். அவள் நைனா சின்னப்பன் மணைக்குப் போனார். சலவை வேட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மகளின் பேரைக் கெடுத்தவனின் நெற்றியில் பட்டத்தை வைத்துக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. கிரண்குமார் சிரித்துக்கொண்டே, "மெதுவா கட்டு மாமா, இன்னா அவசரம்" என்றான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நைனாவும் சிரிக்க வேண்டியதாயிற்று. யமுனாவால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வெளியே வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்த தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் பலகை தெரிந்தது. கால் தானாக அங்கே போயிற்று. மத்தியான நேரம், கை அரித்தது. அன்றைய மெயிலை அவள் இன்னும் அடிக்கவில்லை.

சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் பேர் அலர்மேல், கோயில் கைங்கர்யக் குடும்பத்து மாமி. மெயில் எழுத வேண்டும் என்றதும், முகவரி இருக்கிறதா என்று கேட்டாள். யமுனாவுக்கு ஆபீஸ் முகவரி தவிர வேறு கிடையாது. அதற்கென்ன, இது இன்டர்நெட்டிலேயே இருக்கிற இலவச மெயில், இப்போதே ஒன்று திறந்து தருகிறேன் என்று, யமுனா வாய்க்கு வந்த ஒரு பூவின் பேரை வைத்துத் திறந்து கொடுத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

துபாய் மேனேஜரின் முகவரி யமுனாவுக்கு மனப்பாடம். அன்றைக்கு அடித்தது மற்ற எல்லா நாளையும்விட நன்றாக அமைந்தது. கோபத்தில் இங்கிலீஷ்கூடச் சரளமாக வந்தது. சான்றிதழில் போட்டிருக்கும் சித்தூர் கம்பெனியைக் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒரு ஆளே அங்கே இருந்ததில்லை என்று முடித்தாள். 'சென்ட்' அழுத்தினாள். மண்டபத்துப் பக்கமிருந்து கெட்டிமேளம் கேட்டது. கண்ணை மூடி, வழக்கம்போல அவனை விமான நிலையத்தில் நிறுத்திப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது.

அப்புறம் அழிப்பதற்காக அவுட்பாக்ஸைத் தேடினாள். இல்லை. 'உங்கள் மெயில் அனுப்பப்பட்டது' என்று இங்கிலீஷில் ஒரு வரி மட்டும் நின்றது. மேலும் கீழும் தேடினாள். வியர்த்துப் போய் அலர்மேலைக் கூப்பிட்டு, அனுப்பின கடிதம் எந்தப் பெட்டியில் காத்திருக்கும் என்று கேட்டாள்.

"காத்திண்டெல்லாம் இருக்காதும்மா. இது நெட்லயே இருக்கற மெயிலோன்னோ, அழுத்தின க்ஷணமே போயிடுத்து" என்றாள் அலர்மேல்.

திரும்ப எடுக்க வழியுண்டா என்று கேட்டதற்கு, அவள் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

யமுனா எழுந்து காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். முதலில் வந்தது பயம். கம்பெனியைக் கேட்டால் லெட்டர்ஹெட் வெளியே வரும், யார் அடித்தது என்று வரும், தன் வேலையும் போகும். அப்படியே பயந்துகொண்டே மண்டபத்துக்குத் திரும்பி நடந்தாள். பாதி வழியில் பயத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று கிளம்பிற்று. போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. மணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறானே, அவனுக்குத் தெரியாமல் கடல் தாண்டிப் போய்விட்டது. அன்றைக்குப் பந்தியில் யமுனா இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாதக் கணக்கில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோன பெண் சாப்பிடுவதைப் பார்த்து, மனசைத் தேற்றிக்கொண்டாள் என்று கமலம்மாவுக்கு நிம்மதி.

அப்புறம் கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. காலை பத்து மணிக்கு மெயில் இறங்கினதும் துபாய் முகவரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். ஒரு வியாழக்கிழமை துபாயிலிருந்து மெயில் வந்துவிட்டது. துபாய் மேனேஜர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: இத்துடன் உள்ள சான்றிதழ் உங்கள் கம்பெனி கொடுத்ததுதானா, இந்த நபர் உங்களிடம் வேலை செய்தாரா, இன்றே பதில் தர முடியுமா. யமுனா பிரின்ட் எடுத்தாள். தணிகாசலத்தின் மேஜைக்குப் போக வேண்டிய தாளைக் கீபோர்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அவர் ஃபேக்டரிக்குக் கிளம்பிப் போனார்.

பன்னிரண்டு மணிக்குக் கிரண்குமாரே வந்து நின்றான்.

புதுச் சட்டை, புது மோதிரம், கையில் திருமலை லட்டுப் பொட்டலம். முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை இல்லை. துபாயிலிருந்து போன் வந்ததாம். சான்றிதழைச் சரிபார்க்கிறோம், உங்கள் பழைய கம்பெனி பதில் வந்த பிறகு டிக்கெட் போட்டால் போதும் என்றார்களாம். ரூமில் கூடத் தங்கியிருக்கிற ஒருத்தன் பொறாமையில் எழுதிப்போட்டுவிட்டான், திரும்பிப் போனதும் அவனைக் கவனித்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தான். எழுதினது யமுனாவாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தட்டைத் திருப்பி அனுப்பினபோது வாயைத் திறக்காதவள், பட்டம் கட்டுகிறபோது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள், இவளுக்கு அதெல்லாம் எங்கே வரும் என்கிற நினைப்பு. அந்த நினைப்பு யமுனாவைக் கடித்தது.

"நீயே ஒரு பதிலப் போட்டுடு யமுனா. உங்க சாருக்கு ஏன் தெரியணும்? நான் மாட்டிக்கினா நீயும்தான் மாட்டிக்குவே" என்றான். பழைய உரிமையில் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

அவன் சொன்னது உண்மைதான். அவன் தப்பித்தால் அவளும் தப்பிப்பாள். சம்பளம் வரும் ஒரே ஆள் அந்த வீட்டில் அவள். யமுனா அடிக்க ஆரம்பித்தாள். அவன் சொல்லச் சொல்ல அடித்தாள். 'சான்றிதழ் எங்களுடையதுதான். கிரண்குமார் எங்களிடம் மூன்று வருஷம் வேலை செய்தார். நேர்மையானவர்.' நேர்மையானவர் என்பதை அவன் இரண்டு தடவை வாசித்துச் சரிபார்த்தான். "சீக்கிரம் அனுப்பு" என்றான்.

'சென்ட்' அழுத்தினாள். கடிதம் திரையைவிட்டுப் போயிற்று.

கிரண்குமார் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தான். துபாயில் ரூமுக்குக் கீழே இருக்கும் சென்டரில் அவன் பார்ப்பது அலர்மேல் கடை மாதிரி மெயில்தான். அழுத்தினால் போயிற்று. மேஜை ஓரத்தில் மோடம் ஒரு விளக்குகூட எரியாமல் கிடந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது என்னவென்று கேட்டிருப்பான். யமுனாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. இவன் தப்பித்துவிட்டதாக நினைக்கிறான். இனிமேல் என்னிடம் இவனுக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை. இப்போது கேட்டால் வருகிறதுதான் இவன் நிஜம்.

திருமணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். முன்பெல்லாம் மாமா என்று கூப்பிடுவாள். இப்போது எப்படியும் கூப்பிடவில்லை.

"எனக்கு ஒண்ணு செய்யணும் நீ. தெருவுல வந்து, எங்க நைனா முன்னாடி, என்னப் பத்தி நீ சொன்னது பொய்ன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும்."

அவன் லட்டுப் பொட்டலத்தை மேஜையில் வைத்தான். கோபப்படக்கூட இல்லை. அவசரத்தில் இருக்கிறவன் குழந்தைக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நிச்சயம் பண்ணத நிறுத்தணும்னா ஏதாவது ஒரு காரணம் சொல்லித்தானே ஆவணும். பொண்ணு மேல சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. நான் போய் இப்பப் பொய்ன்னா பத்மினி வீட்டுல இன்னா நெனப்பாங்க? உனக்கு இன்னா யமுனா, உத்தியோகம் இருக்குது, நிம்மதியா இருக்கே."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். திருப்பதி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றான். வாசலில் செருப்பை மாட்டும்போது ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தான்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை. யமுனாவுக்கு மூன்றரை மணி நேரம் இருந்தது, அதில் அவள் யோசித்தது கொஞ்ச நேரம்தான். தான் தப்பிக்க வேண்டுமானால் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், நாலு மணிக்கு மோடமே அவளைக் காப்பாற்றிவிடும். அவளும் காப்பாற்றப்படுவாள், அவனும் நேர்மையானவனாகத் துபாய் போவான். நைனா கட்டின பட்டத்துக்கு அர்த்தம் வந்துவிடும். அதை அவள் நடக்க விடுவதாக இல்லை.

அவுட்பாக்ஸைத் திறந்தாள். நேர்மையானவரை எடுத்து அழித்தாள். புதிதாக அடித்தாள். 'கிரண்குமார் என்பவர் எங்கள் கம்பெனியில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. சான்றிதழ் பொய். அதை அடித்தது ஆபரேட்டர் யமுனாவாகிய நான். எங்கள் முதலாளி அதைப் படிக்காமல் கையெழுத்திட்டார்.' பிரின்ட் எடுத்து, காலையில் வந்த தாளோடு சேர்த்து, தணிகாசலத்தின் மேஜையில் கண்ணில் படும்படி வைத்தாள். இந்தத் தடவை ஒளித்து வைத்து விளையாட அவளுக்கு இஷ்டமில்லை.

தணிகாசலம் மூன்றரைக்கு வந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். யமுனாவைக் கூப்பிட்டு, நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றாள். அவர் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் கத்தினார். வீட்டுப் பெண் மாதிரி வைத்திருந்தேனே என்றார், போலீஸுக்குச் சொல்லட்டுமா என்றார். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரே ஒரு வரியை அடித்தார். முதலாளி படிக்காமல் கையெழுத்திட்டார் என்கிற வரி.

"இது மட்டும் வேணாம்மா. மத்தத அனுப்பிடு. நாளையிலேருந்து நீ வராதே."

யமுனா அந்த வரியை எடுத்துவிட்டு அவுட்பாக்ஸில் வைத்தாள். நாலு அடித்தது. மோடம் கீச்சிட்டது. திரையில் நீலக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. லட்டுப் பொட்டலத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். வீட்டில் ஆபீஸுக்குக் கொஞ்ச நாள் லீவு என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு அதிர்ந்தது. துபாய்க்காரர்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, காரணம் கேட்டவனுக்குச் சித்தூர் பதிலையும் அப்படியே அனுப்பியிருந்தார்கள், யமுனாவின் பேரோடு. லட்சுமம்மா முந்தானையை வாரிச் செருகிக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் நின்று மார்பில் அடித்துக்கொண்டாள். பையன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாள், பத்மினியின் அப்பா பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், சான்றிதழை இவளே அடித்துக் கொடுத்துவிட்டு வேலையை இவளே பிடுங்கிக்கொண்டாள் என்று கூப்பாடு போட்டாள். குழாயடியில் இருந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். தெருக்கோடியில் பைக்கின் மேல் கிரண்குமார் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சின்னப்பன் ஒன்றும் புரியாமல் வாசற்படியில் நின்றார்.

யமுனா வெளியே வந்தாள். அத்தை ஓய்கிறவரைக்கும் காத்திருந்தாள். லட்சுமம்மாவுக்கு மூச்சு வாங்கிற்று. சட்டென்று குரல் இறங்கிற்று. இன்னொரு மெயில் போடு, தப்பாகச் சொல்லிவிட்டேன், கோபத்தில் எழுதிவிட்டேன் என்று போடு, உன் காலில் விழுகிறேன் என்றாள்.

"உம் பையன் என்னப் பத்திச் சொன்னது நிஜமா பொய்யா அத்தே?" என்று கேட்டாள் யமுனா. "அத அவன் வாயால சொல்லட்டும். அப்பால மெயிலப் பத்திப் பேசலாம்."

லட்சுமம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இறங்கவில்லை. அவள் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கிரண்குமார் யமுனாவைப் பார்க்கவில்லை, மாமனையும் பார்க்கவில்லை.

"பொய்தான்" என்றான்.

கேட்கவில்லை என்றாள் யமுனா.

"பொய்தான் மாமா. நிச்சயத்த நிறுத்துறதுக்கு நான்தான் கட்டிச் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்று உரக்கச் சொன்னான். சொல்லி முடித்ததும் அதே மூச்சில், "இப்பவே சித்தூருக்குப் போலாம், பைக் இருக்குது. ஆபீஸ் மெயிலுலேருந்தே அனுப்பிடு, அப்பதான் நம்புவாங்க" என்றான்.

சின்னப்பன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கமலம்மா உள்ளேயிருந்து விம்முவது கேட்டது. யமுனா அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"அந்த மெயில் நீ துபாயில பாக்குறியே, அந்த மாதிரி இல்ல" என்றாள். "எங்க வேணா குந்திக்கினு தெறக்க முடியாது. ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர், அதுக்குள்ளதான் இருக்குது. அந்த ஆபீஸுக்குள்ள என்னை இனிமே விடமாட்டாங்க. அன்னிக்கு நீ பஸ் ஏறிப் போனியே, அன்னிக்கு சாயந்திரமே என்னை வேலைய விட்டு எடுத்துட்டாங்க."

கிரண்குமாருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "இது மின்னாடியே உனக்குத் தெரியும் இல்ல?" என்றான்.

"தெரியும்" என்றாள் யமுனா.

லட்சுமம்மா தெருவிலேயே உட்கார்ந்து மறுபடி அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவளைத் தூக்கிவிட சின்னப்பன் எழுந்திருக்கவில்லை. வேலை போயிற்று, அடுத்த மாதம் வீடு எப்படி ஓடும் என்று யமுனாவுக்குத் தெரியாது. ஆனாலும் அவளுக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. அவன் முகத்தை நன்றாக, வேண்டிய மட்டும், பார்த்துக்கொண்டு நின்றாள்.